பந்து இப்போது பனைமரப் பக்கம்

செவன்ஸ் மைதானத்தில் மைக் பிடித்துப் பேசுகிறவரின் முகம் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. ஆட்டக்காரர்களைத் தெரியும், ரெஃப்ரியைத் தெரியும், கடலை விற்கும் பையனைக்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கம்பத்தில் கட்டிய குழாயில் வரும் குரல் மட்டும் காற்றோடு வந்து காற்றோடு போய்விடும். அப்படி ஒரு குரலுக்கு உரியவரோடு பேசிப் பழகவும், பக்கத்தில் உட்கார்ந்து அவர் வேலை செய்வதைப் பார்க்கவும் எனக்கு வாய்த்தது. வகுப்பறையில் தொண்டையை நம்பியே பிழைக்கிற எனக்கு அது பெரிய படிப்பு.

நாங்கள் இருப்பது பாலக்காடு மாவட்டம் சிற்றூர் தாலுகாவின் கிழக்கு ஓரம். கொழிஞ்சாம்பாறையைத் தாண்டி வேலந்தாவளம் போகிற வழி. இன்னும் கொஞ்சம் போனால் கோயம்புத்தூர் மாவட்டம் வந்துவிடும். வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம், சந்தையில் இரண்டும். பள்ளியில் தமிழ் மீடியம் தனியாக உண்டு; நான் அதில் ஆசிரியை. கேரளம் என்றதும் வெளியூர்க்காரர்கள் மழையையும் காயலையும் நினைப்பார்கள். எங்கள் பக்கம் மழை குறைவு. கரிசல் மண், பனைமரம், தென்னந்தோப்பு. கார்த்திகை பிறந்துவிட்டால் பாலக்காட்டுக் கணவாயில் கிழக்குக் காற்று பிடித்துக்கொள்ளும், துணி காயப்போட முடியாது. செவன்ஸ் சீசனும் ஏறக்குறைய அந்தக் காற்றோடுதான் வரும். மே மாதம் வரை ஓடும்.

தெரியாதவர்களுக்கு: செவன்ஸ் என்றால் அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து. மலபார் முழுக்க இதுதான் பைத்தியம். அறுவடை முடிந்த வயலிலோ பள்ளி மைதானத்திலோ கமுகு மரமும் பலகையும் வைத்துத் தற்காலிக கேலரி கட்டுவார்கள், சுற்றிலும் துணி மறைப்பு, ராத்திரி விளக்கு. பெரிய போட்டிகளில் நைஜீரியா, கானா, ஐவரி கோஸ்ட் என்று ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்த ஆட்டக்காரர்கள் இறங்குவார்கள். களம் சின்னது, ஆள் குறைவு, அதனால் பந்து நிற்கவே நிற்காது. அதை வாயால் துரத்துவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

என் அப்பா அந்தக் காலத்தில் ஊர் டீமுக்கு ஸ்டாப்பராக, அதாவது கோலுக்கு முன்னால் நின்று தடுப்பவராக, ஆடியவர். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார். கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோயில் பார்வை போய்விட்டது. அந்த நோய் முதலில் ஓரப் பார்வையைத் தின்னும். நடுப்பார்வை கடைசி வரை இருப்பதால் ஆள் நன்றாகத்தான் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார். போன பார்வை மருந்தாலும் அறுவை சிகிச்சையாலும் திரும்பாது, மிச்சமிருப்பதைக் காப்பாற்றத்தான் முடியும். நாற்பது வயது தாண்டியவர்கள், முக்கியமாக வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்தால், கண் அழுத்தத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நான் எழுத வந்தது இதைப் பற்றியல்ல, ஆனால் சொல்லாமல் தாண்டிப்போக மனசு வரவில்லை.

பார்வை போன பிறகும் அப்பா செவன்ஸை விடவில்லை. "கூட்டத்தோட உக்காந்தாப் போதும், கூட்டிட்டுப் போ" என்பார். கூட்டிக்கொண்டு போய்க் கேலரியின் அடித்தட்டில் உட்கார வைப்பேன். கூட்டம் எழுந்தால் அவரும் எழுவார். கோல் விழுந்தது தெரியும், யார் போட்டது என்பது தெரியாது. சுற்றி இருப்பவர்களிடம் கேட்டால் அவர்கள் கத்துகிற மும்முரத்தில் இருப்பார்கள்.

ஒரு சீசனில் புதிதாக ஒருவர் மைக்கில் வந்தார். முதல் பாதி முடிவதற்குள் அப்பா என் கையைப் பிடித்தார். "யாரம்மா இது? எனக்குக் கிரவுண்டு தெரியுது" என்றார்.

நானும் அப்போதுதான் கவனித்துக் கேட்டேன். அந்த மனிதர் இடது, வலது என்ற சொற்களைத் தொடவே இல்லை. "பந்து இப்போ பனைமரப் பக்கம். ஏழாம் நம்பர் கையில் (கால்பந்துதான், ஆனால் அவர் அப்படித்தான் சொல்வார்). அங்கிருந்து வாய்க்கால் பக்கம் தூக்கி அடிக்கிறார்... தலை... கோயில் பக்கத்து கோலிக்கு நேரா..." என்று போனது வர்ணனை (கோலி என்றால் கோல்கீப்பர்). நான்கு பக்கமும் ஆள் உட்கார்ந்திருக்கும் மைதானத்தில் ஒருவருக்கு இடது என்றால் எதிரே இருப்பவருக்கு வலது. பனைமரம் எல்லோருக்கும் ஒரே இடத்தில்தான் நிற்கும். அந்த மைதானத்தில் இளவயது முழுக்க ஓடியவர் அப்பா. பனைமரம் என்று கேட்டதும் அவருக்கு அந்த மூலையின் மேடு பள்ளம் வரைக்கும் ஞாபகத்தில் வந்து நிற்கிறது.

ஆட்டம் முடிந்ததும் நன்றி சொல்லப் போனேன். அறுபது வயது இருக்கும், ஒல்லியான உடம்பு, காதோரம் நரை. பகலில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கிறார், சீசனில் ராத்திரி வர்ணனை. பேச்சு மெல்லிசு, இந்தத் தொண்டையிலிருந்தா அத்தனை பெரிய சத்தம் வந்தது என்று இருந்தது. அப்பாவைப் பற்றிச் சொன்னேன். உடனே மைக்கை அணைத்துவிட்டு என்னோடு கேலரிக்கு வந்தார். அப்பா பக்கத்தில் பலகையில் உட்கார்ந்து, வணக்கம்கூடச் சரியாகச் சொல்லவில்லை, நேராகக் கேட்டார்: "அண்ணா, நான் சொல்றதுல உங்களுக்கு எது விட்டுப்போகுதுங்க?"

அப்பா யோசிக்கவே இல்லை. "பந்து யாருகிட்ட இருக்குன்னு சொல்றீங்க தம்பி. அவனுக்கு முன்னால ஆளு நிக்கறானா, வெளியா கெடக்கான்னு சொல்ல மாட்டேங்கறீங்க. அது தெரிஞ்சாத்தான அடிப்பானா, ஓடுவானான்னு நாம மனசுல ஆட முடியும்?"

அவர் சட்டைப் பையிலிருந்த அட்டையில் அதைக் குறித்துக்கொண்டார். அடுத்த ஆட்டத்திலிருந்து அவர் வர்ணனையில் ஒரு சின்னத் துண்டு கூடியது: "முன்னால ரெண்டு பேர்." "முன்னால வெளி." அவ்வளவுதான். அப்பா பலகை விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்தார். "அடிக்காதடா, ஓடு!" என்று ஆட்டக்காரனுக்குப் புத்தி சொன்னார். பார்வை போனதிலிருந்து அப்பா மைதானத்தில் வாயைத் திறந்து யாரையும் அதட்டி நான் கேட்டதில்லை.

பிறகு நான் இதைப் பற்றித் தேடிப் படித்தபோது ஒரு செய்தி கிடைத்தது. பி.பி.சி. முதன்முதலில் விளையாட்டை வானொலியில் நேரடியாக வர்ணித்தது 1927 ஜனவரி 15 அன்று, ட்விக்கன்ஹாமில் நடந்த இங்கிலாந்து-வேல்ஸ் ரக்பி ஆட்டம். பேசியவர் டெடி வேக்லம் என்ற பழைய ரக்பி வீரர். அதற்கு முன் அங்கே யாரும் அப்படிப் பேசியதில்லை, எப்படிப் பேசுவது என்று சொல்லித்தர ஆளில்லை. அதனால் வர்ணனைக் கூண்டில் கண் தெரியாத ஒருவரைக் கூட்டிவந்து உட்கார வைத்தார்கள். லட்சக்கணக்கானவர்களுக்குப் பேசுவதாக நினைக்க வேண்டாம், இவருக்கு ஆட்டத்தைச் சொல் என்பது ஏற்பாடு. அடுத்த வாரம், ஜனவரி 22, ஹைபரி மைதானத்தில் ஆர்சனல்-ஷெஃபீல்டு யுனைடெட் கால்பந்து. மைதானத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து எண் போட்ட படத்தை பி.பி.சி.யின் வாரப் பத்திரிகையில் அச்சிட்டிருந்தார்கள். ஒருவர் ஆட்டத்தைச் சொல்ல, இன்னொரு குரல் பந்து இருக்கும் கட்டத்தின் எண்ணைச் சொல்லிக்கொண்டே இருக்கும். கேட்பவர் படத்தில் விரலை வைத்துப் பின்தொடரலாம்.

இதைப் படித்துவிட்டு எங்கள் வர்ணனையாளரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அப்ப நம்ம பனைமரம்தானுங்க டீச்சர் அவங்க கட்டம்" என்றார்.

அவருக்கு இந்த வித்தை யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. வானொலிதான் வாத்தியார். ஆகஸ்ட் மாதம் ஆலப்புழை புன்னமடைக் காயலில் நடக்கும் நேரு டிராபி வள்ளம்களியை, அதாவது படகுப் போட்டியை, ஆகாசவாணியில் கேட்டு வளர்ந்தவர். சுண்டன் வள்ளங்கள் என்ற நீளப் படகுகள் சீறிக்கொண்டு வர வர, எந்த வள்ளம் எந்த டிராக், யார் எவ்வளவு முன்னால் என்று மலையாளத்தில் ஒரே மூச்சில் சொல்வார்கள். கடைசி நூறு மீட்டருக்குக் குரலைச் சேமித்து வைப்பது எப்படி என்று அதில்தான் பிடித்துக்கொண்டாராம். தமிழை இன்னொரு பக்கத்திலிருந்து எடுத்தார். சேப்பாக்கம் ஆட்டங்களுக்குச் சென்னை வானொலி தமிழில் கிரிக்கெட் வர்ணனை ஒலிபரப்பியதே, கூத்தபிரான், அப்துல் ஜப்பார், ராமமூர்த்தி போன்றவர்களின் குரல். அந்தக் குரல்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அப்பாவும் அவரும் சாப்பாட்டை மறந்துவிடுவார்கள். 1986 செப்டம்பர் 22 டை ஆன சேப்பாக்கம் டெஸ்டின் கடைசி ஓவரை அப்பா இன்றைக்கும் பந்து பந்தாகச் சொல்வார். ஆஸ்திரேலியா கொடுத்த இலக்கு 348. கிரெக் மேத்யூஸ் பந்து வீசுகிறார், கடைசி விக்கெட், நாலு ரன் வேண்டும். சாஸ்திரி இரண்டு, பிறகு ஒன்று, ஸ்கோர் சமம். மணீந்தர் சிங் ஒரு பந்தைத் தடுக்கிறார், அடுத்த பந்து எல்.பி.டபிள்யூ. டீக்கடை ரேடியோவில் கேட்ட அந்த ஓவர் அப்பாவுக்குள் படமாகவே இருக்கிறது. கண் போன பிறகும் அந்தப் படம் மங்கவில்லை. காதால் பார்த்தது என்பதால்தானோ என்னவோ.

பிற்பகலில் நடக்கும் சிறுவர் ஆட்டங்களுக்கு வர்ணனையாளர் மைக்கை என்னிடம் கொடுத்துப் பழக்கினார். பள்ளி விளையாட்டு விழாவுக்கு எப்படியும் நான்தான் பேச வேண்டும், அதனால் ஒப்புக்கொண்டேன். அவர் சொன்னவற்றில் பல, மைக் பிடிக்கிற யாருக்கும் உதவும்.

முதலில் அவர் சொன்னது குரல் கனமாக இருக்க வேண்டியதில்லை என்பது. கம்பத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கர் கனத்த ஒலியைத் தராது, நடுத்தர ஒலிகளைத்தான் தள்ளும். நெஞ்சுக்குள்ளிருந்து கம்பீரமாகப் பேசினால் அந்தக் கம்பீரம் குழாயிலேயே நின்றுவிடும். போய்ச் சேர்வது க், ச், ட், த், ற் போன்ற எழுத்துகளின் வெட்டுதான். "சொல்லோட கடைசி எழுத்த முழுங்காதீங்க டீச்சர், மத்தது தானா வரும்" என்றார். மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்தால் ஒலி குழம்பிக் கனத்துப் போகும். ஒரு சாண் தூரத்துக்குக் கொஞ்சம் குறைவாக, வாய்க்கு நேராக இல்லாமல் தாடைப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் "ப" சொல்லும்போது மூச்சு மைக்கில் அறையாது. கணவாய்க் காற்றுக்கு அவர் ஒரு பஞ்சு உறையை மாட்டி, அதற்கு மேல் கைக்குட்டையைச் சுற்றி, காற்றுக்கு முதுகு காட்டி உட்காருவார். இந்தக் காற்றோடு சண்டை போட்டுப் பலன் இல்லை. நான் பார்த்தவரை சத்தத்தைக் கூட்டியவர்கள் எல்லோரும் அரை மணி நேரத்தில் கரகரத்துப் போனார்கள்.

எதிரொலி இன்னொரு தொல்லை. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். இரண்டு கம்பங்களுக்கு நடுவே நூறு மீட்டர் இருந்தால், ஒரு கம்பத்தடியில் நிற்பவருக்கு ஒரே சொல் கால் நொடிக்குக் கொஞ்சம் மேலான இடைவெளியில் இரண்டு முறை கேட்கும். வேகமாகப் பேசினால் முதல் சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் வந்து விழும். ஆகவே நாலைந்து சொல், ஒரு இடைவெளி, மறுபடி நாலைந்து சொல். வேகமான ஆட்டத்துக்கு மெதுவான பேச்சா என்று எனக்கும் முதலில் பிடிபடவில்லை. கேலரியின் கடைசித் தட்டில் போய் நின்று அவர் பேசுவதைக் கேட்கச் சொன்னார். கேட்டேன். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்தது. மைக் பிடிப்பவர்கள் ஒருமுறையாவது தங்கள் குரல் போய்ச் சேரும் கடைசி இடத்தில் போய் நின்று கேட்க வேண்டும். மைக்செட்காரரிடம் பேசச் சொல்லிவிட்டு நீங்கள் நடந்து பாருங்கள், பத்து நிமிஷ வேலை.

ஸ்கோரை அடிக்கடி சொல்வது சின்ன விஷயம்போல இருக்கும். வந்தவர்கள் எல்லோரும் ஆரம்பத்திலிருந்தா இருக்கிறார்கள்? பஸ் லேட்டாகி வந்தவர், டீ குடிக்கப் போய் வந்தவர், ரோட்டில் நின்றே கேட்டுவிட்டுப் போகிறவர் என்று புதுக்காது ஒன்று சேர்ந்துகொண்டே இருக்கும். அமெரிக்காவில் பேஸ்பால் வர்ணனையாளர் ரெட் பார்பர் மேசையில் முட்டை வேகவைக்க நேரம் பார்க்கும் மூன்று நிமிஷ மணல் கடிகாரம் ஒன்றை வைத்திருப்பார். மணல் இறங்கியதும் ஸ்கோரைச் சொல்லிவிட்டுத் திருப்பி வைப்பார். நம்மவர் பந்தை வெளியிலிருந்து கையால் எறியும் ஒவ்வொரு த்ரோவுக்கும் சொல்கிறார். பந்து வெளியே போய் வருகிற அந்தச் சில நொடி, ஸ்கோருக்கு என்றே ஒதுக்கியது. தமிழில் ஒருமுறை, மலையாளத்தில் ஒருமுறை. எந்த மொழி முதலில் என்பதை மாற்றி மாற்றி வைத்துக்கொள்வார். எல்லையில் இருக்கும் ஊரில் இது சாதாரண மரியாதை இல்லை.

அப்புறம் பெயர். ஆட்டத்துக்கு முன்னால் ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் இடத்துக்குப் போய்விடுவார். அணிப்பட்டியலில் எழுதியிருப்பதை நம்ப மாட்டார். வெளிநாட்டு ஆட்டக்காரரிடம் "உங்க அம்மா உங்கள எப்படிக் கூப்பிடுவாங்க?" என்று கைஜாடையும் அரைகுறை இங்கிலீஷுமாகக் கேட்பார். அவர்கள் சொன்னதைத் தமிழ் எழுத்தில் எழுதி இரண்டு முறை சொல்லிக் காட்டுவார். சரி என்று அவர்கள் தலையாட்டிய பிறகுதான் அடுத்தவரிடம் போவார். பெயர் தெரியாதவர்களை நிறத்தையும் நாட்டையும் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் பல மைதானங்களில் உண்டு. அது எனக்கு எப்போதும் உறுத்தும். வீட்டைவிட்டு இவ்வளவு தூரம் வந்து கரிசல் மண்ணில் விழுந்து எழும் ஒரு பையன் தன் பெயர் குழாயில் சரியாக ஒலிப்பதைக் கேட்டு நிமிர்ந்து பார்த்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து வகுப்பில் புதிய பிள்ளை சேர்ந்தால் அதன் வீட்டில் கூப்பிடுவதுபோல் உச்சரிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

கோல் விழும்போது அவர் செய்வதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. போட்டவரின் பெயரை ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு மைக்கைத் தாழ்த்திவிடுவார். கூட்டம் கத்தி முடிக்கும் வரை ஒரு சொல் வராது. அந்த இரைச்சல் அடங்கத் தொடங்கும்போது எப்படி வந்த கோல் என்று முதல் பாஸிலிருந்து நிதானமாகச் சொல்வார். அப்பாவுக்கு அதுதான் விருந்து. கோலை நீட்டி முழக்கிக் கத்துகிறவர்களை எனக்குப் பிடிக்காமல் போனது இவரைக் கேட்ட பிறகுதான்.

ஒரு ராத்திரி, அரையிறுதி. கேலரி கொள்ளாத கூட்டம். இரண்டாம் பாதியில் திடீரென்று விளக்கு மொத்தமும் அணைந்துவிட்டது. தற்காலிக கேலரி என்றால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். 2022 மார்ச்சில் மலப்புரம் மாவட்டம் காளிகாவு அருகே பூங்கோட்டில் செவன்ஸ் ஆட்டத்தின்போது கேலரி சரிந்து ஏராளமானோர் காயம்பட்டார்கள், அந்த வீடியோவைப் பார்க்காதவர்கள் இல்லை. இருட்டில் ஒரு அலறல் கேட்டது. பலகை அதிர்ந்தது. நான் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது குழாயில் அவர் குரல். ஒலிபெருக்கியின் ஆம்ப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. கத்தவில்லை, இன்னும் சொல்லப்போனால் வழக்கத்தைவிடத் தாழ்ந்த குரல். "கரண்ட்தான் போயிருக்குதுங்க. வேற ஒண்ணுமில்லை. எல்லாரும் உக்காந்த இடத்துல உக்காந்திருங்க. பக்கத்துல குழந்தை இருந்தா கையப் பிடிச்சுக்குங்க." ஒரு மூச்சு விட்டு அதையே மலையாளத்தில். பிறகு: "செல்போன் லைட்டைக் காலடிக்கு அடிங்க, மூஞ்சிக்கு வேண்டாம். பனைமரப் பக்கம் கேட் திறந்திருக்கு, அவசரம் இல்லாதவங்க எந்திரிக்க வேண்டாம்." மறுபடி மலையாளம். ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரே ஒரு வேலை. செய்யாதே என்று சொல்வதைவிட என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதுதான் அதிகம். பலகையின் அதிர்வு நின்றது. கேலரி முழுக்கக் காலடியில் சின்னச் சின்ன வெளிச்சம். விளக்கு வரும் வரை அவர் அன்றைய முதல் பாதியை ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார், யாருமே எதையுமே பார்க்க முடியாத இருட்டில். அந்தக் கொஞ்ச நேரம் மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் என் அப்பா கேட்பதுபோலத்தான் ஆட்டத்தைக் கேட்டார்கள்.

ஜெனரேட்டர் ஓடியதும் போய்ப் பார்த்தேன். கை நடுங்கிக்கொண்டிருந்தது. "பயமாத்தான் இருந்துச்சுங்க. குரல்ல அது தெரிஞ்சா எல்லாரும் ஓடிருவாங்க. அதனால மூச்ச வெளிய விட்டுட்டுத்தான் மைக்கத் தூக்கினேன்" என்றார். பயம் வந்தால் மூச்சு மேலே ஏறி நிற்கும், குரல் கீச்சென்று உயரும். முழுதாக ஒரு மூச்சு வெளியே விட்டால் குரல் தானாக இறங்கிவிடும். பள்ளியில் தீயணைப்புப் பயிற்சி நடத்தியபோது நான் இதைத்தான் மற்ற ஆசிரியைகளுக்குச் சொன்னேன். அவசரத்துக்குச் சொல்ல வேண்டிய நாலு வாக்கியங்களை இரண்டு மொழியிலும் எழுதி மைக் மேசையில் ஒட்டி வைத்திருக்கிறோம்.

தொண்டையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஆசிரியர்களுக்குத் தொண்டைத் தொல்லை மற்றவர்களைவிட அதிகம். பேசும்போது குரல் நாண்கள் பெண்களுக்கு நொடிக்குச் சுமார் 200 தடவை, ஆண்களுக்குச் சுமார் 100 முதல் 120 தடவை ஒன்றோடொன்று மோதுகின்றன. கத்தினால் மோதல் பலமாகிறது. கனைப்பதும் அப்படியே, தொண்டையில் ஏதோ இருப்பதுபோல இருந்தால் அவர் ஒரு மிடறு தண்ணீர் குடித்து விழுங்குவார், கனைக்க மாட்டார். குடிக்கும் தண்ணீர் குரல் நாணை நேராகத் தொடாது, அது உணவுக்குழாய் வழி போவது. உடம்பில் ஈரம் இருந்தால்தான் நாணும் ஈரமாக இருக்கும். ஆகவே ராத்திரிப் பேச்சுக்கு மத்தியானத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து வருவார். குரல் கம்மியபோது கிசுகிசுவென்று பேசுவது ஓய்வு என்று பலர் நினைக்கிறார்கள். அது இன்னும் இழுத்துப் பிடிக்க வைக்கும், வாயை மூடி இருப்பதே ஓய்வு. கரகரப்பு மூன்று நான்கு வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். வகுப்பில் இப்போது சத்தத்துக்கு மேல் சத்தம் போடுவதை விட்டுவிட்டேன். அடங்கும் வரை நின்றுவிட்டு, சின்ன வாக்கியமாகத் தொடங்குகிறேன். சாயங்காலம் வீட்டுக்குப் பேசக் குரல் மிச்சம் இருக்கிறது.

அந்த மிச்சம் அப்பாவுக்கு. டி.வி.யில் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து ஆட்டம் வந்தால் சத்தத்தைக் குறைத்துவிட்டு நான் சொல்கிறேன். டி.வி. வர்ணனையாளர்கள் திறமையானவர்கள்தான், ஆனால் பார்க்கிறவர்களுக்குத்தான் பேசுகிறார்கள். "ஆஹா, என்ன ஒரு அடி!" என்றால் பார்க்காதவருக்கு அதில் ஒன்றுமே கிடையாது. எந்தத் திசை, எவ்வளவு உயரம், யார் துரத்துகிறார்கள் என்று வேண்டும். வீட்டில் கண் தெரியாத பெரியவர்கள் இருந்தால் இதை முயன்று பாருங்கள். ஆட்டம் தொடங்கும் முன் மைதானத்துக்கு நீங்களே அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் ஒரு கோல் சமையலறைப் பக்கம், இன்னொன்று வாசல் பக்கம். முதலில் இடம், பிறகு ஆள், பிறகு செயல் என்ற வரிசையை மாற்றாதீர்கள். இடம் தெரிந்தபின் ஆள் வந்தால் மனசில் உடனே நிற்பார். உங்கள் கருத்தை ஆட்டம் நிற்கும்போது சொல்லிக்கொள்ளலாம். உங்களால் முடியாத நாளில் வானொலி இருக்கிறது. ஆகாசவாணி நிலையங்கள் பலவும் "நியூஸ் ஆன் ஏர்" செயலியில் போனிலேயே கேட்கும். என் வர்ணனையில் அப்பாவுக்கு இன்னும் திருப்தி இல்லை, கோலி எங்கே நிற்கிறார் என்பதை நான் மறந்துவிடுகிறேனாம்.

2014 பிரேசில் உலகக் கோப்பையில் பார்வையற்ற ரசிகர்களுக்கென்று தனி வர்ணனை சில மைதானங்களில் காதுக் கருவி வழியாகக் கொடுத்தார்கள். அவ்வளவு வசதி நம் வயல் மைதானத்தில் இல்லை என்று விட்டுவிட வேண்டியதில்லை. எங்கள் கமிட்டியிடம் பேசி, மைக் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சைப் பார்வை குறைந்தவர்களுக்கென்று போட வைத்தோம். அப்பா உட்கார்ந்ததைக் கேள்விப்பட்டுப் பக்கத்து ஊர்களிலிருந்தும் வருகிறார்கள். மேசைக்கு அருகில் என்பதால் குழாயின் எதிரொலி இல்லாமல் நேர்க்குரலே கேட்கிறது. பெஞ்சிலிருந்தே சந்தேகமும் கேட்கிறார்கள். த்ரோ சமயத்தில் அவர் மைக்கை விலக்கிப் பதில் சொல்வார்.

செவன்ஸ் நடத்தும் கமிட்டிக்காரர்கள் இதைப் படித்தால் இரண்டு மூன்று வேண்டுகோள். மைக் மேசையை ஆம்புக்குப் பக்கத்தில் ஒயருக்கு வசதியாகப் போடாதீர்கள், களம் முழுக்கத் தெரிகிற உயரத்தில் போடுங்கள். ஆம்புக்குத் தனி பேட்டரி கட்டாயம் வையுங்கள், விளக்குக்கும் மைக்குக்கும் ஒரே லைன் வேண்டாம். நன்கொடையாளர் பட்டியலை ஆட்டம் ஓடும்போது படிக்கச் சொல்லாதீர்கள், இடைவேளையில் எத்தனை பெயர் வேண்டுமானாலும் படிக்கட்டும். அணிப்பட்டியலை ஜெர்ஸி நம்பரோடு அரை மணி நேரம் முன்னாலேயே மைக் பிடிப்பவர் கையில் கொடுங்கள். பேசினதற்கான பணத்தை அன்றைக்கே கொடுத்து அனுப்புங்கள்.